ஒரு டம்ளர் சவுக்குத் தண்ணீர்

எழுபதுகளின் நடுவில் அரசாங்கம் என்னை நம்பி ஒரு பெட்டியைக் கொடுத்தது. பள்ளிப் பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரியது. உள்ளே இரண்டு கண்ணாடிக் குழாய்கள், ஒரு சொட்டு மருந்துப் புட்டி, வெளிர் மஞ்சளிலிருந்து அடர் மஞ்சள்வரை கண்ணாடித் துண்டுகள் பதித்த ஒரு வட்டத் தட்டு. குடிதண்ணீரில் குளோரின் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்ப்பதற்கான பெட்டி. அதைக் கையில் வாங்கிய அன்றே என் மூளையைக் கழற்றி அதற்குள் வைத்து மூடிவிட்டேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

வேலைக்குப் பெயர் சுகாதார ஆய்வாளர். வயது இருபத்து நான்கு. செங்கல்பட்டுக் கடைவீதியில் அத்தர் விற்கிற குடும்பம் எங்களுடையது. என் அத்தா புட்டியின் மூடியை மட்டும் முகர்ந்துவிட்டு உள்ளே இருப்பது அசல் சரக்கா, கலப்படமா என்று சொல்லிவிடுவார். அந்த மூக்கு எனக்கும் ஓரளவு வாய்த்திருந்தது. ஆனால் அரசாங்க உத்தியோகம் கிடைத்த பிறகு மூக்கெல்லாம் கடைக்காரர்களின் சமாச்சாரம் ஆகிவிட்டது. எனக்குத்தான் பெட்டி இருந்ததே.

செவ்வாய்க்கிழமைதோறும் செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினத்தில் இறங்குவேன். அங்கே வாடகை சைக்கிள் எடுத்து வடக்கே மிதித்தால் ஒரு மீனவர் குப்பம் வரும். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் சவுக்குத் தோப்பு. தோப்புக்குள் ஒரு கிணறு, கிணற்றுக்கு ஒரு பம்ப், நான்கு கால்களில் நிற்கும் ஒரு சிமென்ட் தொட்டி, தொட்டிக்குக் கீழே குழாய்கள். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் எங்கள் பகுதிக்கான பொறியாளர். தோப்பு அரசாங்க நிலம், யாரோடும் தகராறு வராது என்பதால் கிணற்றை அங்கே வெட்டினார். சவுக்கு இலை கணுக்கால் ஆழத்துக்கு உதிர்ந்து கிடக்கும் இடம் அது. அந்தச் சருகு மக்கி, மழை அதன் வழியாக இறங்கி, மணலில் சாறு வடிந்து கிணற்றுக்குத்தான் வரும் என்பதை யோசிக்க அவருக்கு நேரமில்லை போலிருக்கிறது.

ஆகவே குழாயைத் திறந்தால் பால் ஊற்றாத டீ வரும். வெயில் காலத்தில் மங்கலான டீ, மழைக் காலத்தில் சாயம் இறங்கிய டீ. மக்கிய இலைதழையிலிருந்து தண்ணீரில் இறங்கும் இந்தப் பழுப்புக்கு ஹியூமிக் பொருள்கள் என்று புத்தகங்களில் பெயர் இருப்பதை ரொம்பப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். குப்பத்தில் அதற்குச் சவுக்குத் தண்ணி என்று பெயர். நிறத்தைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று குடித்துப் பழகியிருந்தார்கள். கிருமிகளைக் கொல்ல பம்ப் ஆள் தினமும் காலையில் எனாமல் குவளையால் பிளீச்சிங் பவுடரை அளந்து, கரைத்துத் தொட்டியில் ஊற்றுவார்.

நான் போய்ச் செய்கிற காரியம் ஒரு சின்னத் திருவிழா மாதிரி இருக்கும். குழாயடியில் பெண்கள் குடங்களோடு நிற்பார்கள். நான் பெட்டியைத் திறப்பேன். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடிப்பேன். சொட்டு மருந்து விடுவேன். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும், எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு குளோரின். பெட்டியை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்து, தட்டைத் திருப்பித் திருப்பி, எந்தத் துண்டின் மஞ்சள் தண்ணீரின் மஞ்சளோடு ஒத்துப்போகிறது என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பேன். "போதுமான அளவு இருக்கிறது" என்று உரக்க அறிவிப்பேன். பிறகு யார் கையிலிருந்தாவது ஒரு டம்ளரை வாங்கி, குழாயில் பிடித்து, எல்லோரும் பார்க்க மடமடவென்று குடித்துக் காட்டுவேன். அப்படிக் குடிக்கும்படி என்னை யாரும் கேட்டதில்லை. வாயைத் துடைத்துக்கொள்ளும்போது எனக்கு என்மீதே ஒரு மரியாதை வரும்.

இரண்டு கண்ணாடிக் குழாய்கள் என்று சொன்னேன் அல்லவா? வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தபோது பெட்டி என் மடியிலிருந்து உருண்டு ஒரு குழாய் உடைந்துபோனது. நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. சட்டையோடு ஒரு பொத்தான் கூடுதலாகத் தைத்துத் தருவார்களே, அந்த மாதிரி ஒன்று என்று முடிவு செய்துகொண்டேன். பெட்டியோடு ஆங்கிலத்தில் ஒரு விளக்கத் தாளும் வந்திருந்தது. வட்டத் தட்டு கடகடவென்று ஆடியதால் அந்தத் தாளை நான்காக மடித்து அதற்கு அடியில் செருகியிருந்தேன். படித்த மனிதன் செய்கிற வேலை அது.

குழாயடியில் என்னை மதிக்காத ஒரே ஆள் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். புருஷன் கட்டுமரத்தில் போவான், இவள் கூடை சுமந்து மாமல்லபுரம்வரை மீன் விற்றுவிட்டு வருவாள். நான்கு வயதில் ஒரே மகள், எப்போதும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரியும். மழைக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை, நான் பெட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தபோது அவள் கேட்டாள்.

"இன்னா சார், டப்பா இன்னா சொல்லுது?"

"மருந்து சரியா இருக்குன்னு சொல்லுது."

"எனக்கு வாசனையே வரலியே. பவுடரு போட்டா மூக்குல ஏறுமே."

"கடல் காத்துல உனக்கு எப்படிம்மா வாசனை தெரியும்? அதுவும் மீன் கூடையைத் தலையில வெச்சுக்கிட்டு?" என்றேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

அவள் விடவில்லை. "மூக்கு கெடக்கட்டும், கண்ணு கீதே. எங்க வூட்டுக்காரரு நூல் வலைக்கு சவுக்குப் பட்டையை வேகவெச்சுதான் சாயம் போடுவாரு. இந்தத் தண்ணி செவப்பும் அந்தச் செவப்பும் ஒண்ணுதான். கோடையில ஒருவாட்டி பம்புக்காரரோட பவுடரு பக்கெட்டுல வலையோட ஒரு முனை வுழுந்துடுச்சு. எடுத்துப் பாத்தா வெள்ளை வெளேர்னு கீது. அப்ப மருந்து நெறைய இருந்தா இந்தத் தண்ணியும் கொஞ்சமாச்சும் வெளுக்கணுமா வாணாமா? இது நாளுக்கு நாள் செவந்துகினுதான கீது?"

இதைவிடத் தெளிவாக எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது. பவுடரின் பலத்தையெல்லாம் அந்தச் சாயமே தின்று தீர்த்துவிடுகிறது, கிருமியைக் கொல்ல மிச்சமில்லை என்பதைத்தான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பெட்டியை மூடினேன். "வலை வேற, தண்ணி வேற. இதெல்லாம் சயின்ஸு, உனக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டு, அவள் கையிலிருந்த டம்ளரையே பிடுங்கிக் குடித்துக் காட்டினேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. தோப்பு ஊறியது, கிணறு நிறைந்தது, தண்ணீர் நன்றாகக் கறுத்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை பெட்டி அடர் மஞ்சளைக் காட்டியது. குளோரின் தேவைக்கு மேல் இருக்கிறதாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? பம்ப் ஆளைக் கூப்பிட்டு, "பவுடரைப் பாதியாக் குறை" என்று உத்தரவிட்டேன். பதிவேட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து மணிமணியாக இருந்தது.

பத்து நாளில் குப்பத்தில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. பெரியவர்கள் ஓரிரு நாளில் எழுந்துகொண்டார்கள். அந்தப் பெண்ணின் மகள் எழவில்லை. கண்கள் குழிவிழுந்து, தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. மீன் ஏற்ற வந்த லாரியில் போட்டுக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் விசாரணைக்கு வந்தார். பொறியாளரும் கூடவே வந்து, சேற்றில் செருப்பு படாமல் ஒவ்வொரு செங்கல்லாகத் தாண்டி நடந்தார். தண்ணீர் எப்படி என்று கேட்டார்கள். நான் பதிவேட்டை நீட்டினேன். குளோரின் போதுமானது, போதுமானது, போதுமானது, அதிகம். அதிகாரிக்கு நிம்மதி, பொறியாளருக்கு அதைவிட நிம்மதி. "அப்போ தண்ணியில்ல. ஜனங்களோட பழக்கவழக்கம்தான். அப்படியே எழுதிடுங்க" என்றார் அதிகாரி. நான் எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அறிக்கை மொட்டையாக இருக்கிறதே என்று ஒரு உதாரணமும் சேர்த்தேன்: மீன் விற்கும் தாய் ஒருத்தி, மீனைத் தொட்ட கையாலேயே குழந்தைக்குச் சோறு ஊட்டியதால் அக்குழந்தை நோயுற்றது. அவள் கையை நான் எந்த நாளும் பார்த்ததில்லை. குழாயடியில் என்னைக் கேள்வி கேட்டவள் என்ற ஒரே காரணத்துக்காக அதை எழுதினேன். பெயர் போடவில்லை. பள்ளிக்கூடக் கொட்டகையில் எல்லோரையும் உட்காரவைத்து அறிக்கையைப் படித்தபோது பெயர் தேவைப்படவுமில்லை. ஒரு நகல் டவுன் ஆஸ்பத்திரிக்கும் போனது.

அடுத்த செவ்வாய்க்கிழமை குழந்தை இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. குழாயடியில் என்னோடு யாரும் பேசவில்லை. அந்த எரிச்சலில் பம்ப் ஆளை எதற்கோ திட்டிக்கொண்டே கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, பெட்டியில் செருகி, வானத்தைப் பார்த்துத் தூக்கினேன். அடர் மஞ்சள். இன்னும் கூடவா என்று நினைத்துக்கொண்டே சொட்டு மருந்துப் புட்டியை மூடப் போனேன். அது மூடியே இருந்தது. நான் அதைத் திறக்கவே இல்லை.

சொட்டு மருந்தே விடாத தண்ணீர் மஞ்சளாக நின்றுகொண்டு, குளோரின் அதிகம் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. மருந்து விட்டுப் பார்த்தேன். அதே மஞ்சள். இத்தனை வாரங்களும் நான் வானத்தில் தூக்கிப் பிடித்து அளந்தது சவுக்குச் சருகின் சாயத்தை. வட்டத் தட்டுக்கு அடியிலிருந்து விளக்கத் தாளை உருவிப் பிரித்தேன். மூன்றாவது வரியிலேயே இருந்தது. இரண்டாவது குழாயில் அதே தண்ணீரை மருந்து விடாமல் பிடித்து, தட்டுக்குப் பின்னால் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். அப்போதுதான் தண்ணீரின் சொந்த நிறம் கணக்கில் வராது. நான் கூடுதல் பொத்தான் என்று நினைத்தது அதைத்தான்.

தொட்டியின் ஏணியில் ஏறினேன். மூடியை விலக்கித் தலையை உள்ளே விட்டு மோந்தேன். நனைந்த சருகு வாசனை, பாசி வாசனை. குளோரின் வாசனை மருந்துக்குக்கூட இல்லை. அத்தர்க் கடைக்காரர் மகனுக்கு அதைத் தெரிந்துகொள்ள அத்தனை மாதங்கள் ஆயின. ஏணியிலிருந்து இறங்கினேன். வெட்கம் என்று சொல்வதற்கு முன்னால் பயம் என்று சொல்லிவிடுகிறேன், முதலில் வந்தது அதுதான்.

"பவுடரைப் பழையபடி போடு, அதுக்கு மேலயும் போடு" என்றேன்.

பம்ப் ஆள் பதிவேட்டைக் காட்டினார். "நீதான சார் பாதி போடுன்னு எழுதிக்கீற. ஏத்தணும்னா இன்ஜினியரு எழுதட்டும். அப்பால எனக்கு பேஜாரு வாணாம்."

மறுநாள் செங்கல்பட்டில் பொறியாளர் முன்னால் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். நடந்ததை எழுதி ஒரு தாளும் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையை எடுத்தார்.

"இத பாருங்க. இலைதழைச் சாறு கலந்த பழுப்புத் தண்ணியில குளோரின் போட்டா, ரெண்டும் சேர்ந்து குளோரோஃபார்ம் மாதிரி சமாச்சாரமெல்லாம் உண்டாகுதாம். வருஷக்கணக்கா குடிச்சா கேன்சர்கூட வரலாம்னு சந்தேகப்படறாங்க. நீங்க இன்னும் நிறைய போடச் சொல்றீங்க. அந்த ஜனங்களுக்கு விஷம் வைக்கச் சொல்றீங்களா?"

அந்தக் குரலில் எவ்வளவு கருணை! வருஷக்கணக்கில் குடித்தால் வரலாமோ என்று சந்தேகப்படும் நோயிலிருந்து குப்பத்து ஜனங்களைக் காப்பாற்ற அவர் தயார். போன வாரம் வந்த நோய் அவர் பத்திரிகையில் இல்லை. அவர் மேசைமேல் ஒரு ஜக் தண்ணீர் இருந்தது. அதிலிருந்து குளோரின் வாசனை நான் நின்ற இடம்வரை அடித்தது. பேசி முடித்ததும் அதிலிருந்தே ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்துக்கொண்டார்.

பத்திரிகை பொய் சொல்லவில்லை. அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பிற்பாடு நானே தேடிப் படித்தேன். குளோரினும் அந்தப் பழுப்பும் சேர்ந்தால் வேண்டாத பொருள்கள் உண்டாகத்தான் செய்கின்றன. ஆனால் அதே கட்டுரைகள் அடுத்த பத்தியில் வழியையும் சொல்கின்றன: குளோரினை நிறுத்தாதே, பழுப்பை முதலில் எடு. சருகை அள்ளு, கிணற்றை மூடு, படிகாரம் போட்டுத் தெளியவை, மணலில் வடிகட்டு, பிறகு கொஞ்சம் பவுடரே போதும். பொறியாளர் அடுத்த பத்தியைப் படிக்கிற ரகமில்லை. நான் எந்தப் பத்தியையுமே படிக்காத ரகம். எங்கள் இருவரையும் நம்பித்தான் ஒரு குப்பமே குடத்தை நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றரை வருடம் இழுத்தடித்த பிறகு மணல் வடிகட்டி கட்டினார்கள். நான் கொடுத்த தாள் அந்தப் பத்திரிகைக்கு அடியிலேயே இருந்திருக்கும்.

வியாழக்கிழமை குப்பத்துக்குப் போனேன். என் முறை நாள் இல்லை, பெட்டியும் எடுத்துப் போகவில்லை. குழந்தையை முந்தைய நாள்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் சொன்னபடி தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு அலுமினியப் பானையில் மூடி வைத்திருந்தார்கள். வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையை மடியில் வைத்துக் கரண்டியால் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை தலையைத் திருப்பித் திருப்பி அம்மாவைத் தேடியது. அம்மா இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். முந்தானை விலகியபோது தெரிந்த உள்ளங்கை, சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாகியிருந்தது.

"நீ ஏம்மா ஊட்டலை?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

"என் கைதான் நாறக் கைன்னு எழுதிட்டியே சார். ஆஸ்பத்திரியிலயும் அதையே சொல்லித் திட்டுனாங்கோ. புள்ளய நானே கொன்னுட்டிருப்பேனாம். எட்டு நாளா தொடல."

கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோர் முன்னாலும் சொன்னேன். உன் கை காரணமில்லை, தண்ணீர்தான். தண்ணீரில் மருந்து இல்லை. பவுடரைக் குறைக்கச் சொன்னதும் நான்தான். நீ வலையைக் காட்டிச் சொன்னது முழுக்கச் சரி. தவறாகப் பார்த்ததும் நான், பொய்யாக எழுதியதும் நான்.

ஒரு கிழவர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். திட்டட்டும் என்று நின்றேன். அவள் மட்டும் நம்பவில்லை.

"அன்னிக்கு ஒண்ணு சொன்ன. இன்னிக்கு வேற சொல்ற. பாவம்னு சொல்றியா? நான் அழுவறேன்னு சொல்றியா?"

"சத்தியமா தண்ணிதாம்மா. வேணும்னா எழுதிக் குடுக்கறேன்."

"எழுதினதெல்லாம் போதும்."

அவள் எழுந்து உள்ளே போனாள். அன்று நான் அவள் கையிலிருந்து பிடுங்கிக் குடித்த டம்ளரோடு வந்தாள். குழாயடிக்குப் போய் நிறையப் பிடித்து என் கையில் கொடுத்தாள்.

"வாரா வாரம் குடிச்சுக் காட்டுவியே. இப்ப குடி."

டம்ளருக்குள் தண்ணீர் தெளிந்த பழுப்பில் நின்றது. முந்தைய வாரங்களில் குடித்த அதே தண்ணீர்தான். கை மார்புவரை வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. குடித்தால் என் வீரம் காப்பாற்றப்படும், என் வார்த்தை பொய்யாகிவிடும் என்றெல்லாம் அப்போது நான் யோசித்ததாகச் சொன்னால் அது இன்னொரு அறிக்கை எழுதுவது போலத்தான். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். அந்தக் குழந்தையின் குழிவிழுந்த கண்களைப் பார்த்துவிட்டு அதை என்னால் வாயில் வைக்க முடியவில்லை. டம்ளரைக் குழாயடிக் கல்லின் மேல் வைத்துவிட்டேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டம்ளரை எடுத்து மணலில் கவிழ்த்தாள். பானையிலிருந்து கொதித்து ஆறிய தண்ணீரைச் சாய்த்து, புண்ணான கைகளை மெதுவாகக் கழுவிக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடமிருந்து குழந்தையை வாங்கி மடியில் போட்டு, கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு, கஞ்சியில் இருந்த சோற்றை விரலால் மசித்தாள்.

"வாயத் தொறடி. சாரு குடிக்கல பாரு," என்றாள். "அம்மா கை நல்ல கைதான்."